என்எஸ்எஸ்ஸா, உன்னத் பாரத்தா?

"ஒன்றில் சேரத்தான் நேரம் இருக்கிறது, எது நல்லது?" என்று கல்லூரி திறந்ததும் கேட்கிறார்கள். பல துறை ஆட்களோடு சேர்ந்து சமூக வேலை பழகுவதுதான் நோக்கம் என்றால், என் கணக்கு இது.

நேரம்: 1969-இல் தொடங்கிய என்எஸ்எஸ்ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் முகாம். 2014-இல் வந்த உன்னத் பாரத் அபியான், கிராமப் பிரச்சினைகளுக்குக் கல்லூரிகள் தீர்வு தேடும் அரசுத் திட்டம். அதில் கல்லூரி தத்தெடுத்த கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

செலவு: இரண்டிலும் பெரிதாக இல்லை.

துறைக் கலப்பு: என்எஸ்எஸ் முகாமில் எல்லாத் துறையினரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள், கூச்சம் போய்விடும். ஆனால் அவரவர் படிப்புக்கு அங்கே வேலை குறைவு. எல்லாரும் சீமைக்கருவேலம்தான் வெட்டுவார்கள். உன்னத் பாரத்தில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு. தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? வேதியியல் மாணவர் சோதிப்பார், சிவில் மாணவி குழாய்க்கு வரைபடம் போடுவார், வணிகவியல் ஆள் "பராமரிப்புக்கு யார் பணம்?" என்று கேட்டு இருவரையும் மடக்குவார். அந்தச் சண்டைக்காகவே போகலாம்.

முதலாண்டு, கூச்ச சுபாவம் என்றால் என்எஸ்எஸ். படிப்பில் கொஞ்சம் பிடிப்பு வந்த மூன்றாமாண்டுக்காரர் உன்னத் பாரத்துக்குப் போகட்டும். அதுவும் ஒருங்கிணைப்பாளர் சுறுசுறுப்பானவரா என்று சீனியர்களிடம் விசாரித்த அப்புறம்.