எஃப்-150 பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்த: ஸ்பேசரா, புது ஸ்ட்ரட்டா?

டெக்சாஸில் பிக்கப் வாங்கியவர்களுக்குச் சில வாரங்களிலேயே கண்ணை உறுத்தத் தொடங்கும் விஷயம், பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் நிற்கிற அந்தச் சாய்வு. அதைத் தொழிற்சாலை தெரிந்தேதான் வைத்திருக்கிறது. பாரவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்களே, அதே கணக்குதான். பின்னால் சரக்கு ஏறினாலோ டிரெய்லர் மாட்டினாலோ வண்டி சமமாக உட்கார வேண்டும். அதற்காகக் காலியாக நிற்கும்போது பின்பக்கம் உயர்ந்திருக்கிறது. வாரம் தவறாமல் கனமான டிரெய்லர் இழுப்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். முன்பக்கத்தை உயர்த்திவிட்டுப் பாரமும் ஏற்றினால் வண்டி அண்ணாந்து பார்க்கும். முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும்.

என்னுடையது 2018 ஃபோர்டு எஃப்-150, ஃபோர்-வீல் டிரைவ். டிரெய்லர் இழுப்பது எப்போதாவதுதான். எனவே உயர்த்துவது என்று முடிவாகிவிட்டது. எதை வைத்து உயர்த்துவது என்பதில்தான் யோசனை.

மலிவான வழி ஸ்பேசர். ஸ்பிரிங்கைத் தாங்கிக்கொண்டு சக்கரத்தின் அதிர்வை வாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்தான் ஸ்ட்ரட். முன் ஸ்ட்ரட்டின் தலைக்கும் வண்டியின் உடற்சட்டத்துக்கும் நடுவே வைக்கும் உலோகக் கட்டை ஸ்பேசர். ஓர் அங்குலத்தை ஒட்டிய கட்டை வைத்தாலே முன்பக்கம் ஏறக்குறைய இரண்டு அங்குலம் எழும்பிவிடும். ஸ்ட்ரட் கீழே பிடித்திருப்பது கண்ட்ரோல் ஆர்மின், அதாவது உடற்சட்டத்தையும் சக்கரத்தையும் இணைக்கும் கையின், நடுப்பகுதியை. அங்கே கொஞ்சம் தள்ளினால் ஆர்மின் நுனியில் இருக்கும் சக்கரம் அதைப்போல இரு மடங்கு இறங்கும். இன்னொரு வழி, உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய புது ஸ்ட்ரட். பில்ஸ்டைன் 5100 இதில் பெயர் பெற்றது. அதன் உடலில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காடிகள் வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டைத் தாங்கும் வளையத்தை எந்தக் காடியில் மாட்டுகிறோமோ, அதற்கேற்ற உயரம் கிடைக்கும். நான் இதைத்தான் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஸ்பேசர் வைத்தால் வண்டி தடதடக்கும் என்று பலர் சொல்கிறார்கள். ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரட்டையும் தொடாமல் தலைமேல் உட்காரும் கட்டை, நேர்ச் சாலையில் ஓட்டத்தைப் பெரிதாக மாற்றாது. அதன் சிக்கல் வேறு. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அது இறங்கும் எல்லையும் கூடிவிடுகிறது. ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் குமிழ் மூட்டான மேல் பால் ஜாயின்டும் ஆக்சில் மூட்டும் தமக்கென வகுத்த கோணத்தைத் தாண்டி மடங்குகின்றன. எஃப்-150இல் ஓர் ஆறுதல் உண்டு. டூ-வீலில் ஓடும்போது முன் சக்கரங்களுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள பிணைப்பை வெற்றிட அழுத்தம் விலக்கி வைத்திருப்பதால், முன் ஆக்சில்கள் இழுக்கும் வேலை எதுவும் செய்வதில்லை. சாலையோடு நின்றுவிடுபவருக்கு இந்த இரண்டு அங்குலம் பெரிய தலைவலியாகாது. மேடு பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்க ஓட்டுபவருக்கு என் அனுபவம் உதவாது. நான் ஓட்டிய கரடுமுரடான பாதையெல்லாம் பண்ணைச் சாலைதான்.

என் முடிவைத் தீர்மானித்தது கூலி. பொருளின் விலையை மட்டும் பார்த்தால் ஸ்பேசரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நல்ல ஸ்ட்ரட் ஜோடிக்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும். ஆனால் வேலையைப் பாருங்கள். ஸ்பேசர் வைக்கவும் முழு ஸ்ட்ரட்டையும் கழற்றியாக வேண்டும். ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பைப் பிரித்து, மேல் பால் ஜாயின்டைத் தட்டி விடுவித்து, தலையில் இருக்கும் நட்டுகளையும் அடியில் இருப்பவற்றையும் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். புது ஸ்ட்ரட்டுக்கும் இதே வேலைதான். கூடுதலாக ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து மாற்றும் ஒரு படி உண்டு. (அதை வீட்டு வாசலில் வாடகைக் கருவியை வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கையோ முகமோ மிஞ்சாது.) எந்த வழியில் போனாலும் முடிவில், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்டுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

என் வண்டி அறுபதாயிரம் மைலை நெருங்கியிருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பழைய ஸ்ட்ரட்டின் உடலில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் செம்மண் தூசி அப்பிப் பட்டையாக நின்றது. அதன் தலையில் கட்டையை வைத்து மறுபடி மாட்டினால், சீக்கிரமே அதே நட்டுகளை அதே மெக்கானிக் அதே கூலிக்குக் கழற்றுவார். இன்னொரு அலைன்மென்டும் சேரும். அப்போது ஸ்பேசரின் மலிவு எங்கே போயிற்று? பட்டறையில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் எந்நேரமும் திருகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

அலைன்மென்டை ஒத்திப்போடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உயரம் மாறினால் முன் சக்கரங்களின் டோ, அதாவது அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மாறும். டோ கெட்ட டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருபக்கமாகத் தடவினால் வழவழப்பாக இருக்கும். திரும்பத் தடவினால் ஒவ்வொரு விளிம்பும் கையைக் கீறும். புதுப் பெரிய டயரை அப்படித் தேய்ப்பது பணத்தைச் சாலையில் தேய்ப்பதுதான்.

டயர் விஷயத்தில் எனக்கு அதிகத் தயக்கம் இருக்கவில்லை. வண்டியோடு வந்தது 275/65ஆர்18, சுமார் 32 அங்குலம். நான் போட்டது 275/70ஆர்18, 33 அங்குலத்துக்குச் சற்று மேல். அதே ரிம், அதே அகலம். முழுக்கத் திருப்பினாலும் எங்கும் உரசவில்லை. 35 அங்குலம் பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு அங்குல உயர்வில் அதை நுழைக்கப் பெரும்பாலும் உள்பக்க பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டிவரும். கியர் கணக்கு அதைவிட மோசம். ஆக்சிலின் கியர் விகிதம் குறையக் குறைய இழுவையும் குறையும்: 3.55 ஆக்சில் உள்ள வண்டியில் 35 அங்குலம் போட்டால் ஏறக்குறைய 3.25 போல இழுக்கும். ஃபோர்டு இந்த வண்டிக்குத் தந்த 3.31ஐவிட அது குறைவு. 33இல் அது 3.43 அளவில் நின்றுவிடுகிறது. 35 அங்குலம்தான் வேண்டும் என்பவருக்கு ஃபோர்டே அகலமான சஸ்பென்ஷனோடு ராப்டர் என்ற எஃப்-150 வகையை விற்கிறது.

33க்கும் விலை உண்டு. பாரம் தாங்கும் எல்டி (லைட் டிரக்) வகை டயர் கனம்; புறப்படும்போது சோம்பல் தெரிகிறது, பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62 மைல் வேகம்; ஃபோர்ஸ்கேன் மென்பொருளில் டயர் சுற்றளவை மாற்றி அதைச் சரிசெய்யலாம். ஸ்டெப்னிக்கும் அதே அளவில் ஐந்தாவது டயரை வாங்கிவிடுங்கள். ஃபோர்-வீலில் ஓடும்போது அளவு மாறிய ஒரு டயர் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் டிஃபரன்ஷியலையும் வதைக்கும்.

உத்தரவாதம் போய்விடுமே என்ற பயம் பாதிதான் சரி. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டப்படி, வெளிப்பொருள் மாட்டினார் என்பதற்காக மட்டும் நிறுவனம் கையை விரிக்க முடியாது. அந்தப் பொருளால்தான் பழுது என்று காட்டினால் மறுக்கலாம்.

குத்தகைக்கு எடுத்த வண்டிக்கோ, ஸ்ட்ரட் புதிதாக இருக்கும் வண்டிக்கோ நானும் ஸ்பேசரைத்தான் சொல்வேன். திருப்பிக் கொடுக்கும்போது கழற்றிவிடலாம். எதைப் போட்டாலும் அன்று இரவே முகப்பு விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்து, அதன் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி ஒளியைக் கீழிறக்குங்கள்.