சீரியல் போர்ட் டிரைவர் ரிவ்யூ: கண்ணா, கருவியா, கியூஎமுவா, வயரா?

எழுத்துகளைப் பிட் பிட்டாகக் கம்பி வழியே அனுப்பிப் பெறும் சீரியல் போர்ட்டை இயக்கும் மென்பொருள்தான் சீரியல் போர்ட் டிரைவர். அது என்றால் பலருக்கும் கொஞ்சம் அலட்சியம்தான். எட்டு ரிஜிஸ்டர் (சிப்பில் எழுதவும் படிக்கவும் உள்ள சிறு இடங்கள்), ஒரு இன்டரப்ட் (சிப் சிபியுவைக் கூப்பிட அடிக்கும் மணி), சில நூறு வரி. இதில் ரிவ்யூ செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் சாகும்போது கடைசி வார்த்தை இந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வேறு டிரைவரில் பிழை என்றால் சீரியல் கன்சோலில் தடயம் கிடைக்கும். சீரியல் டிரைவரிலேயே பிழை என்றால் தடயமும் அதோடு சேர்ந்து காணாமல் போகும்.

அப்படி ஒரு டிரைவரின் நிரலை மாற்றும் பேட்ச் ஒன்று கைக்கு வந்தால் பார்க்க நான்கு வழி உண்டு. சிப்பின் விவரக் கையேடான டேட்டாஷீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கண்ணால் படிக்கலாம். நிரலை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்பார்ஸ், ஓடும்போது லாக்குகளை (ஒன்றை இருவர் ஒரே சமயம் தொடாமல் காக்கும் பூட்டுகளை) கண்காணிக்கும் லாக்டெப் போன்ற கருவிகளை ஓட்டலாம். கணினியையே மென்பொருளால் போலி செய்யும் கியூஎமுவில் ஏற்றலாம். நிஜ சிப்பில் வயர் போட்டுப் பார்க்கலாம். நான்கையும் செய்ய வேண்டும் என்பது சரியான பதில்தான், ஆனால் அது நேரம் நிறைய உள்ளவர்கள் சொல்லும் பதில். எது எந்தப் பிழையைப் பிடிக்கும், எது பார்த்தும் பார்க்காமல் விடும் என்று தெரிந்தால் இருக்கிற ஒன்றிரண்டு மணி நேரத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்யலாம். இங்கே 16550ஏ வகை சீரியல் போர்ட் சிப்பையும் (இவ்வகைச் சிப்புக்கு யூஆர்ட் என்று பெயர்) லினக்ஸ் கெர்னலையும் வைத்தே பேசுகிறேன். அந்த 'ஏ' சும்மா ஒட்டியதல்ல. முதலில் வந்த 16550 சிப்பில் ஃபிஃபோ (பைட்கள் வரிசையில் காத்திருக்கும் இடம்) ஒழுங்காக வேலை செய்யவில்லை, திருத்தி வந்ததுதான் 16550ஏ.

கியூஎமுவிலிருந்து தொடங்கலாம், எல்லோரும் முதலில் ஓடுவது அங்கேதான். "கியூஎமுவில் பூட் ஆனது, எழுத்து வந்தது" என்ற ஒரு வரியோடு வரும் பேட்ச்கள் நிறைய. கம்பைல் ஆனது என்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக மட்டுமே அந்த வரிக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். கியூஎமு காட்டும் யூஆர்ட் ரொம்ப நல்ல பிள்ளை, அதுதான் சிக்கல். நிஜ சிப்பில் விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு பைட் வெளியேற, ஸ்டார்ட், ஸ்டாப் பிட்களையும் சேர்த்து 10 பிட், ஏறக்குறைய 87 மைக்ரோ செகண்ட் ஆகும். கியூஎமுவில் நீங்கள் எழுதிய பைட் கையோடு மறுபக்கம் போய்விடும், 'அனுப்பும் இடம் காலி' என்ற பிட் உடனே எழுந்து நிற்கும். அதனால் அந்த பிட்டைப் பார்க்காமலேயே எழுதித் தள்ளும் டிரைவரும் அங்கே ஓடும். பாட் ரேட்டை, அதாவது அனுப்பும் வேகத்தை, அமைக்கவே மறந்த டிரைவரும் ஓடும்.

வரும் பக்கத்திலும் இதே சலுகைதான். ஃபிஃபோ நிரம்பினால் கியூஎமு அடுத்த பைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் வரும்வரை காத்திருக்கும். நிஜத்தில் ஃப்ளோ கண்ட்ரோல் ('கொஞ்சம் நில்' என்று சொல்லும் ஏற்பாடு) இல்லாத வயரின் மறுமுனை யாருக்காகவும் நிற்காது. எனவே ஓவர்ரன், அதாவது இடமில்லாமல் பைட் தொலையும் பிழையைக் கியூஎமுவில் சந்திப்பதே அபூர்வம். உதாரணத்துக்கு, பெறும் பக்கத்து ட்ரிகர் அளவை (எத்தனை பைட் சேர்ந்தால் இன்டரப்ட் அடிக்க வேண்டும் என்பதை) 8 பைட்டிலிருந்து 14 ஆக்கி, "இன்டரப்ட் எண்ணிக்கை குறையும்" என்று ஒரு பேட்ச் வருகிறது என்று வையுங்கள். குறையும், உண்மைதான். ஆனால் ஃபிஃபோவில் மொத்தமே 16 இடம். 8இல் மணி அடித்தால் ஹேண்ட்லர் (இன்டரப்ட்டைக் கவனிக்கும் ஃபங்ஷன்) ஓடி வர முக்கால் மில்லி செகண்ட் இருக்கும், 14இல் அடித்தால் கால் மில்லி செகண்ட்தான். வேறு யாராவது அவ்வளவு நேரம் இன்டரப்ட்டை அணைத்து வைத்திருந்தால் பைட் போச்சு. கியூஎமு இந்த இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

நிஜ வயர் இதையெல்லாம் சில நிமிடத்தில் காட்டிவிடும். மறுமுனையிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை விடாமல் அனுப்புங்கள், இந்தப் பக்கம் டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் வேலை கொடுங்கள். கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் லினக்ஸின் ப்ராக் கோப்பு முறைமையில் சீரியல் டிரைவருக்கென்று உள்ள கோப்பில் ஓவர்ரன், ஃப்ரேமிங் (ஸ்டாப் பிட் உரிய இடத்தில் இல்லாத) பிழை எண்ணிக்கைகள் ஏறுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

ஆனால் வயரிலும் ஒரு ஏமாற்று உண்டு. நானே அதில் விழுந்திருக்கிறேன். பாட் ரேட் கணக்கை மாற்றிய ஒரு பேட்ச். சோம்பேறித்தனமாக டிஎக்ஸ் (அனுப்பும் முனை), ஆர்எக்ஸ் (பெறும் முனை) இரண்டையும் ஒரே போர்டில் கம்பியால் இணைத்து லூப்பேக் போட்டேன். அனுப்பியது எல்லாம் அப்படியே திரும்பி வந்தது, ஒப்புதல் கொடுத்துவிட்டேன். பிறகு வேறொரு கருவியோடு இணைத்தவருக்கு வந்ததெல்லாம் குப்பை. அந்த போர்டின் கடிகாரம் 40 மெகாஹெர்ட்ஸ். இந்தச் சிப்பின் கணக்குப்படி அதை 16ஆலும் 115200ஆலும் வகுத்தால் 21.7 வரும். பேட்ச் தசமத்தை வெட்டி 21 ஆக்கியது, கிடைத்த வேகம் சுமார் 119048, அதாவது 3.3 சதவீதம் கூடுதல். அருகிலுள்ள முழு எண்ணான 22ஐ எடுத்திருந்தால் பிழை 1.4 சதவீதத்துக்குள் நின்றிருக்கும். லூப்பேக்கில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே கடிகாரம், இரண்டும் ஒரே அளவு தவறாக ஓடும்போது தவறே தெரியாது. வயர் சோதனை என்றால் மறுமுனையில் வேறு இயந்திரம் இருக்க வேண்டும். அப்புறம், இந்தப் பிழையைப் பிடிக்க வயரே தேவையில்லை என்பது இன்னும் எரிச்சல். அந்த வகுத்தல் வரியை ஒரு கால்குலேட்டரோடு படித்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

சரி, படிப்பதற்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பேட்ச்சில் பச்சை, சிவப்பு வரிகளை மட்டும் பார்ப்பது படிப்பதல்ல. மாற்றத்துக்கு மேலும் கீழும் மூன்று வரிதான் அங்கே தெரியும். லாக் எடுத்த இடம் முப்பது வரி மேலே இருக்கும். முழு ஃபங்ஷனைத் திறந்து, ஒவ்வொரு ரிஜிஸ்டர் வரியிலும் விரலை வைத்து, "இந்த இடத்தில் இன்டரப்ட் வந்தால்?" என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி எதைப் பிடிக்கும் என்பதற்கு டிஎல்ஏபி பிட் நல்ல உதாரணம். இந்த சிப்பில் முதல் முகவரிக்கு இரண்டு முகம். சாதாரணமாக அங்கே படித்தால் வந்த பைட் கிடைக்கும். லைன் கண்ட்ரோல் ரிஜிஸ்டரில் டிஎல்ஏபியை ஏற்றிவிட்டால் அதே முகவரி, பாட் ரேட்டுக்காகக் கடிகாரத்தை வகுக்கும் எண்ணான டிவைசரின் கீழ்ப்பாதியாகிவிடும். வேகத்தை மாற்றும் நிரல் டிஎல்ஏபியை ஏற்றி, டிவைசரை எழுதி, மறுபடி இறக்கும். லாக் இல்லாமல் இதைச் செய்தால், நடுவில் வரும் ஹேண்ட்லர் டிவைசரைப் படித்து அதையே வந்த எழுத்து என்று மேலே அனுப்பிவிடும். கியூஎமுவில் இந்த இடைவெளியில் பைட் வந்து விழுவதற்கு அசாத்திய அதிர்ஷ்டம் வேண்டும். வயரிலும் மாதத்துக்கு ஒருமுறை ஒரு விசித்திர எழுத்தாக வரும், யாரும் நம்ப மாட்டார்கள். லாக்டெப்பும் உதவாது, ஏனென்றால் அது எடுத்த லாக்கைத்தான் பார்க்கும், எடுக்க மறந்ததை அல்ல.

இதைவிட நுணுக்கமானது, போர்ட்டின் நிலையையும் பிழைகளையும் காட்டும் லைன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர். அதைப் படிப்பதே அதை மாற்றிவிடும். ஓவர்ரன், பாரிட்டி, ஃப்ரேமிங், பிரேக் ஆகிய நான்கு பிட்டும் படித்தவுடன் அழியும். கன்சோலுக்கு (கெர்னல் செய்திகள் வெளியாகும் இடத்துக்கு) எழுதும் நிரல் 'காலியா, காலியா' என்று இதே ரிஜிஸ்டரைச் சுற்றிச் சுற்றிப் படிக்கிறது. அந்த நேரத்தில் மறுமுனை பிரேக் என்ற சிறப்புச் சைகையை அனுப்பியிருந்தால் அதையும் விழுங்கிவிடும், பின்னால் வரும் பெறும் நிரலுக்குச் செய்தியே தெரியாது. இதற்காகவே 16550 குடும்பத்துக்கான லினக்ஸின் 8250 டிரைவர், இப்படிப் படித்த பிழை பிட்களைத் தனி மாறியில் சேர்த்து வைத்துப் பிறகு பெறும் வழிக்குக் கொடுக்கிறது. நிரலைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் ஒருவருக்கு அந்த மாறி தேவையில்லாதது போலத்தான் தெரியும். அப்படி ஒரு பேட்ச்சை நிறுத்த டேட்டாஷீட்டின் அந்த ஒரு பக்கத்தைப் படித்த ஆள் வேண்டும், வேறு எதனாலும் முடியாது.

பழைய பிசி வடிவமைப்பில் முதல் சீரியல் போர்ட்டான காம்1, ஐஆர்கியூ 4 என்ற இன்டரப்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும், அது எட்ஜ் வகை. அந்தக் கம்பியில் சிக்னல் மேலே ஏறும் கணத்தை மட்டும்தான் இன்டரப்ட் கன்ட்ரோலர் கவனிக்கும். ஹேண்ட்லர் ஒரு காரணத்தை மட்டும் கவனித்துத் திரும்பினால், மிச்சக் காரணத்தால் சிக்னல் கீழே இறங்காது, புது ஏற்றமும் வராது, போர்ட் ஊமையாகிவிடும். 'எதுவும் நிலுவையில்லை' என்று சிப் சொல்லும்வரை சுழல வேண்டும். அந்தச் சுழலுக்கு வரம்பும் வேண்டும், கெட்டுப்போன சிப் ஒன்று எப்போதும் நிலுவை என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

படிப்பது எங்கே தோற்கும்? லாக் வரிசையில். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரபலமான பொறி சிஸ்ஆர்க்யூ, அதாவது கெர்னலுக்கு நேரடியாகக் கொடுக்கும் அவசரக் கட்டளை. பெறும் ஹேண்ட்லர் போர்ட் லாக்கைக் கையில் வைத்தபடி சிஸ்ஆர்க்யூ கட்டளையை நிறைவேற்றினால், அது பிரிண்ட்கே (கெர்னல் செய்தி அச்சிடும் ஃபங்ஷன்) செய்யும், பிரிண்ட்கே கன்சோலுக்கு எழுதும், கன்சோல் எழுத அதே போர்ட் லாக்கைக் கேட்கும். அவ்வளவுதான், தன் வாலைத் தானே கடித்த பாம்பு. நான்கு கோப்புகளில் பரவிய இந்தப் பாதையைக் கண்ணால் தொடர்வது கஷ்டம். 2006இல் கெர்னலுக்குள் வந்த லாக்டெப் இங்கே நம்மைவிடக் கெட்டிக்காரன். இன்டரப்ட்டுக்குள் எடுக்கும் லாக்கை வேறோரிடத்தில் இன்டரப்ட்டை அணைக்காமல் எடுத்தால், டெட்லாக் (லாக்குக்காகக் காத்தே உறைந்துபோவது) நடக்கும்வரை அது காத்திருக்காது. இரண்டு பாதையும் தனித்தனியே ஒருமுறை ஓடினால் போதும், எச்சரித்துவிடும். ஓடாத பாதையைப் பற்றி மட்டும் அதற்கு ஒன்றும் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. லாக்டெப்பின் எச்சரிக்கையும் பிரிண்ட்கே வழியாகத்தான் வர வேண்டும், அதாவது எந்த லாக்கைப் பற்றிப் புகாரோ அதே போர்ட் வழியாக. திரை அப்படியே உறைந்து நிற்கும், புகார் வெளியே வராது. கியூஎமுவுக்கு நான் மரியாதை கொடுக்கும் இடம் இதுதான். ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியை வெளியிலிருந்து மாட்டி, கெர்னலின் செய்திப் பதிவு பஃபரை நினைவகத்திலிருந்தே படித்துவிடலாம். நிறைய சிபியு கொடுத்து, பேனிக்கை (கெர்னல் மீள முடியாமல் நின்றுபோவதை) வேண்டுமென்றே வரவழைத்து, நூறு முறை திரும்பத் திரும்ப ஓட்டலாம். நேரம் சார்ந்த பிழைக்குப் பொய் சொல்லும் கியூஎமு, லாக் சார்ந்த பிழைக்கு நல்ல ஆய்வுக்கூடம்.

ஸ்பார்ஸ் பற்றி ஒரு வரி போதும். சாதன முகவரியைச் சாதாரண பாயிண்டர் (நினைவக முகவரி) போலத் தொட்டால் கத்தும், ஓட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது, ஓட்டாமல் வந்த பேட்ச்சை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்படியானால் இரண்டு மணி நேரம் இருந்தால்? முதல் ஒரு மணி நேரம் டேட்டாஷீட்டோடு படிப்பு. அடுத்த அரை மணி, லாக்டெப் போட்ட கெர்னலைக் கியூஎமுவில் ஏற்றி, சிஸ்ஆர்க்யூ, வேகம் மாற்றுவது, போர்ட்டை மூடித் திறப்பது எல்லாவற்றையும் ஒருமுறையாவது ஓட வைப்பது. மிச்சம் வயர், அதுவும் வேறு இயந்திரத்தோடு. வேகமோ ட்ரிகர் அளவோ தொட்ட பேட்ச் என்றால் வயருக்கு முதலிடம் கொடுத்துவிடுவேன்.

சிப் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். 16550க்கு ஒத்தது என்று சொல்லிக்கொள்ளும் எல்லாமே அப்படி நடப்பதில்லை. சினாப்சிஸ் நிறுவனத்தின் டிசைன்வேர் யூஆர்ட் வேலையாக இருக்கும்போது லைன் கண்ட்ரோல் ரிஜிஸ்டரில் எழுதினால் அதை ஏற்காது, பதிலுக்கு 'பிஸி' என்று ஒரு இன்டரப்ட்டை எழுப்பும். 16550 டேட்டாஷீட்டை எத்தனை முறை படித்தாலும் அது கிடைக்காது. ஆர்ம் நிறுவனத்தின் பிஎல்011 யூஆர்ட் வேறு குடும்பமே. ஃபிஃபோ காலியாக இருப்பதைப் பார்த்து அதன் அனுப்பும் இன்டரப்ட் வராது, நிரம்பியிருந்தது குறிப்பிட்ட அளவைத் தாண்டி இறங்கும் கணத்தில்தான் வரும். 16550 பழக்கத்தில், இன்டரப்ட்டை இயக்கிவிட்டு முதல் பைட்டையும் ஹேண்ட்லரே அனுப்பிக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தால் அந்த முதல் இன்டரப்ட் வரவே வராது. பிஎல்011 பேட்ச் என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, முதல் பைட்டை யார் ஃபிஃபோவில் போடுகிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன்.