சிறுகோளுக்கு ஒரு இடம்: காசு கொடுக்கலாமா?

என் அக்கா மகள் கேப்டவுனில் செயற்கைக்கோள் பொறியியல் படிக்கிறாள். அவளும் கூட்டாளிகளும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு நிறமாலைமானியை, அதாவது ஒளியைப் பிரித்துப் பார்த்து ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று காட்டும் கருவியைச் செய்துகொண்டிருக்கிறார்கள். "மாமா, தனியார் கம்பெனி விண்கலத்தில் இதைச் சிறுகோள் வரைக்கும் கொண்டுபோகலாமாம். இடத்துக்குக் காசு கட்டினால் போதுமாம். நீங்கள் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றாள். நான் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க்கில் ஒரு பிளாட்டினச் சுரங்கத்தின் ஆய்வகத்தில் உலோக மதிப்பீடு செய்கிறவன். ராக்கெட் என் துறை இல்லை. ஆனால் ஒரு கல்லில் என்ன இருக்கிறது என்று சொல்லக் காசு வாங்குகிறவர்களை எப்படிக் கேள்வி கேட்பது என்று எனக்குத் தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டி இந்தச் சேவையை வாங்கக் கூடாது. தரவு கையில் வந்தபிறகு பெரும்பகுதியைக் கொடுப்பதாக ஒப்பந்தம் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

இது புதிய யோசனை இல்லை. 1997-இல் அமெரிக்காவில் ஜிம் பென்சன் ஸ்பேஸ்டெவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 'நீப்' என்ற கலத்தைச் சிறுகோளுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். அதில் விஞ்ஞானிகளின் கருவிகளுக்கு இவ்வளவு என்று விலை போட்டு இடம் விற்கப் பார்த்தார். அந்தக் கலம் கிளம்பவே இல்லை. நிறுவனம் வேறு வேலைகளில் பிழைத்தது. 2004-இல் விண்வெளியைத் தொட்ட ஸ்பேஸ்ஷிப்ஒன் விமானத்தின் இயந்திரத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதாவது கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் இடம் வாங்குகிற ஆட்கள் போதுமான அளவு சேரவில்லை.

அடுத்து பிளானெட்டரி ரிசோர்சஸ் என்ற சிறுகோள் சுரங்க நிறுவனம். 2012-இல் பெரிய ஆரவாரத்தோடு வந்தார்கள். 2013-இல் பொதுமக்களிடம் விண்வெளித் தொலைநோக்கி ஒன்றுக்காகச் சுமார் 15 லட்சம் டாலர் திரட்டினார்கள். 2016-இல் அதைக் கைவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இதை நான் அவர்கள் கணக்கில் வரவாகவே எழுதுவேன். முடியவில்லை என்றதும் காசைத் திருப்புகிற பழக்கம் எல்லா இடத்திலும் இல்லை. அவர்களுடைய ஆர்க்கிட்-6 என்ற சோதனைக் கலம் 2018 ஜனவரியில் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் பி.எஸ்.எல்.வி.யில் போனது. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

சரி, இப்போதைய ஆட்களுக்கு வருவோம். ஆஸ்ட்ரோஃபோர்ஜ் நிறுவனம் 2025 பிப்ரவரி கடைசியில் 'ஓடின்' என்ற கலத்தை, நிலாவுக்குப் போன அதீனா என்ற தரையிறங்கு கலத்தோடு ஒரே ஃபால்கன் 9 ராக்கெட்டில் அனுப்பியது. 2022 ஓபி5 என்ற சிறுகோளை அருகே கடந்துபோய்ப் படம் எடுத்து, அது உலோகக் கல்தானா என்று பார்ப்பது திட்டம். சில நாட்களிலேயே தொடர்பு அறுந்தது. அதே ராக்கெட்டில் போன நாசாவின் லூனார் டிரெயில்பிளேசர் என்ற நிலாக் கலமும் மறுநாளே பேச்சை நிறுத்தியது. அதீனா நிலாவில் இறங்கும்போது சாய்ந்தது. என்ன தவறியது என்று ஆஸ்ட்ரோஃபோர்ஜ் பின்னால் விரிவாக வெளியே எழுதியதை நான் மதிக்கிறேன். ஆஸ்திரேலியாவில் இருந்த அவர்களுடைய தரை நிலையம், அதாவது கலத்தோடு பேசும் ஆன்டெனா நிலையம், சரியாக வேலை செய்யாததையும் மறைக்கவில்லை.

அந்தத் தரை நிலையச் செய்திதான் என்னை உட்காரவைத்தது. விற்கிறவர்கள் எல்லோரும் கிலோ கணக்கு பேசுகிறார்கள்: இத்தனை கிலோ கருவி, இத்தனை வாட் மின்சாரம், இத்தனை டாலர். ஆனால் கருவி போய்ச் சேர்வதால் மட்டும் ஒன்றும் கிடைக்காது. எண்கள் திரும்பி வர வேண்டும். தூரம் பத்து மடங்கு கூடினால் வந்து சேரும் சமிக்ஞை நூறில் ஒரு பங்காகிவிடும். அதைப் பிடிக்கப் பெரிய ஆன்டெனா வேண்டும், அதை நமக்காக எத்தனை மணி நேரம் திருப்பிவைப்பார்கள் என்ற உறுதியும் வேண்டும். எங்கள் ஊரிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் ஹார்டபீஸ்ட்ஹுக் நிலையம் இருக்கிறது. 1961-இல் நாசா கட்டியது. செவ்வாயைப் படம்பிடித்த மரினர் 4-இன் சமிக்ஞைகளை வாங்கிய 26 மீட்டர் ஆன்டெனா இன்னும் அங்கே நிற்கிறது. மேற்கு கேப் பகுதியில் உள்ள மாட்யெஸ்ஃபோன்டேனில் புதிய நிலையத்துக்கு 2022-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆகவே என் அக்கா மகளிடம் சொன்னேன்: "கருவி எடையைப் பற்றி அப்புறம் பேசு. உன் தரவு எந்த ஆன்டெனா வழியாக வரும், அது பழுதானால் அடுத்தது எது என்று முதலில் கேள்."

இரண்டாவது கேள்வி என் தொழிலிலிருந்து வருவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் வரும் தாதுவை மாவாக அரைத்து, ஐம்பது கிராம்போல நிறுத்து, ஈய ஆக்சைடு, சோடா, போராக்ஸ், ஒரு பிடி கோதுமை மாவு எல்லாம் சேர்த்து மண் மூசையில் (உருக்கும் பாத்திரத்தில்) 1,100 டிகிரிக்குப் பக்கத்தில் உருக்குவோம். ஈயம் பிளாட்டினம் போன்ற உலோகங்களை வாரிக்கொண்டு அடியில் இறங்கும். ஆறியபின் கசடைச் சுத்தியலால் தட்டி உடைத்தால் கனமான ஈயப் பொத்தான் ஒன்று கிடைக்கும். அதை மக்னீசியாக் கிண்ணத்தில் வைத்து மறுபடி சூடேற்றினால் ஈயம் கிண்ணத்துக்குள் உறிஞ்சப்பட்டுப் போய்விடும். கடைசியில் எஞ்சுவது கடுகைவிடச் சின்ன மணி. ஒரு டன் பாறையில் நாலு கிராம் இருந்தாலே எங்களுக்கு நல்ல தாது. இவ்வளவு கவனத்தோடு செய்தாலும், ஒவ்வொரு தட்டிலும் ஒன்றுமே இல்லாத வெற்று மாதிரி ஒன்றும், அளவு முன்பே தெரிந்த மாதிரி ஒன்றும் சேர்த்தே உலைக்குள் வைப்போம். அந்த இரண்டும் சரியாக வராவிட்டால் தட்டு முழுவதும் தள்ளுபடி. மேலாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

விண்கலத்திலும் இதேதான் நியாயம். பயணத்தின் நடுவில் கருவியை இயக்கி, வெற்று வானத்தையும் தெரிந்த நட்சத்திரத்தையும் பார்த்து அளவு சரிபார்க்க எத்தனை முறை அனுமதிப்பீர்கள்? கலத்தைத் திருப்பும் உரிமை யார் கையில்? இதற்குத் தெளிவான பதிலை விளம்பரங்களில் நான் பார்க்கவில்லை. கடந்துபோகும்போது எடுத்த ஒரு படத்தை வைத்து 'இது பிளாட்டினக் கல்' என்று யாராவது சொன்னால் எங்கள் ஆய்வகத்தில் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஜொஹானஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் உள்ள சொந்தக்காரர்கள் ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்பது வேறு கேள்வி: "மேலே இருந்து பிளாட்டினம் வந்துவிட்டால் உன் வேலை என்ன ஆகும்?" உலகத்தில் தோண்டியெடுக்கும் பிளாட்டினத்தில் சுமார் 70 சதவீதம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது, அதனால் கவலை நியாயமானதுதான். ஆனால் நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் நூறு கோடி டாலருக்கும் மேல் செலவழித்து, 2023-இல் பென்னு சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது 121.6 கிராம் மண். அறிவியலுக்கு அது பொக்கிஷம். எங்கள் சுரங்கத்துக்குப் போட்டி இல்லை.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 2-ஆம் தேதி ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் புளூ கோஸ்ட் கலம் நாசாவின் பத்துக் கருவிகளோடு நிலாவில் பத்திரமாக இறங்கி வேலை செய்தது. கட்டணம் வாங்கிக் கருவி சுமப்பது நடக்கிற காரியம்தான் என்பதற்கு அதுவே சாட்சி. அங்கே நாசா என்ற பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தொடர்ந்து காசு கொடுத்தார். சிறுகோளுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை.

அந்த நிலையை மாற்றக்கூடியது அபோபிஸ் என்ற சிறுகோள். 2029 ஏப்ரல் 13-ஆம் தேதி, சுமார் 350 மீட்டர் அகலமான அந்தக் கல் பூமியின் மேற்பரப்பிலிருந்து 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்துபோகும். ஆப்பிரிக்காவிலிருந்து வெறும் கண்ணுக்கே தெரியும். அதற்காக கலிஃபோர்னியாவின் எக்ஸ்லாப்ஸ் நிறுவனம் 2028-இல் பலருடைய கருவிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பத் திட்டமிட்டிருக்கிறது. தேதி தள்ளிப்போக முடியாத பயணம் இது, கல் யாருக்காகவும் காத்திருக்காது. எனவே விற்கிறவருக்கும் நெருக்கடி, வாங்குகிறவருக்கும் நெருக்கடி.

அவள் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். ஏவுதல் வரைக்கும் கால்பங்குக்கு மேல் கட்டாதீர்கள். அளவு சரிபார்த்த முதல் தரவு வந்ததும் பாதி, அபோபிஸ் தரவு வந்ததும் மீதி. கலம் கிளம்பாவிட்டால் கட்டியது முழுவதும் திரும்ப வேண்டும். அப்புறம், அதே கருவியில் இன்னொன்று செய்து கேப்டவுனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது வித்தியாசமான எண்ணைக் காட்டினால், கீழே இருப்பதில் எங்கள் தாது மாதிரிகளை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அளவு தெரிந்த மாதிரிகளை முறைப்படி அனுமதி வாங்கி நானே அனுப்பிவைக்கிறேன்.