பெல்ட்டா, பால் ஸ்க்ரூவா: வீட்டில் செய்யும் சிஎன்சி ரவுட்டருக்கு எது?

சிஎன்சி ரவுட்டர் என்பது கணினிக் கட்டளைப்படி பிட்டை (சுழலும் வெட்டுக்கருவி) நகர்த்தி வெட்டும் இயந்திரம். அதன் அச்சுகளை மோட்டார் பல் பெல்ட்டாலோ, பால் ஸ்க்ரூவாலோ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு தண்டு) நகர்த்தும். ஃபோம், பால்சா (மிக இலேசான மரம்), 6 மி.மீ. பிளைவுட் மட்டும்தான் வெட்டப் போகிறீர்கள் என்றால் பெல்ட் தாராளமாகப் போதும். ஜிடி2 பெல்ட்டில் (பல் இடைவெளி 2 மி.மீ.) 20 பல் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்த்தும், 1605 பால் ஸ்க்ரூ (16 மி.மீ. விட்டம்) 5 மி.மீ. மட்டுமே. அதே மோட்டார், எட்டு மடங்கு வேகம்.

அலுமினியம் என்றால் கதை வேறு. வெட்டுவிசையில் பெல்ட் நீளும். பெல்ட் நீளம் கூடக்கூட நெகிழ்வும் கூடும். பிட் சீவாமல் உரசும், சூடேறும், உருகிய சில்லு பல்லில் ஒட்டும், கடைசியில் பிட் முறியும். பெல்ட்டை மேலும் இறுக்கிப் பார்ப்பார்கள் பலர். அதில் மோட்டார் பேரிங்தான் தேயும். இங்கே பால் ஸ்க்ரூதான் சரி. அதன் ஒரு முனையில் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் (தண்டு முன்பின் நகராமல் பிடிக்கும் பேரிங்) ஜோடி இல்லையென்றால், நட்டில் இல்லாத ஆட்டம் பேரிங்கில் வந்துவிடும். ஒரு மீட்டரைத் தாண்டிய 16 மி.மீ. ஸ்க்ரூ வேகத்தில் சாட்டைபோல் அதிரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மேலும் கீழும் நகரும் இசட் அச்சுக்கு எந்தப் பொருளானாலும் ஸ்க்ரூ. பெல்ட்டில் தொங்கும் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்), மின்சாரம் போனால் கீழே இறங்கிவிடும்.

பின்னால் பெல்ட்டிலிருந்து 1605 ஸ்க்ரூவுக்கு மாற்றினால் ஃபர்ம்வேரில் (இயந்திரத்தை இயக்கும் உள்மென்பொருள்) மி.மீ.க்கு 80 ஸ்டெப்பை 640 ஆக்க வேண்டும் (சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோஸ்டெப், அதாவது ஒவ்வொரு ஸ்டெப்பும் 16 ஆகப் பிரியும்).