வாசல்தோறும் குனிய வைக்கும் பூட்ஸ்

என் பூட்ஸ் அடிப்பாகம் மாற்றப்பட்டுச் சென்ற வாரம் திரும்பி வந்தது. கூலி 95 சிங்கப்பூர் வெள்ளி. அதைப் பார்த்த அலுவலக நண்பர், "நல்ல தோலில், நாடா கட்டுகிற பூட்ஸ் வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். இதையே வாங்கட்டுமா?" என்று கேட்டார். மின்தூக்கிக்குள் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

2022இல் காலணித் தொழிலுக்குப் பேர்போன இந்தோனேசிய நகரமான பாண்டுங்கிலிருந்து வரவழைத்தது இது. அனுப்பும் செலவோடு 230 வெள்ளி. (இப்போது பெரிய இணையச் சந்தை வழியாக வாங்கினால், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 9 விழுக்காடு வரி உண்டு.) அதற்கு முன் இங்கேயே 120 வெள்ளிக்கு வாங்கிய ஜோடி இரண்டு ஆண்டு பெட்டியில் தூங்கியது. எடுத்து மாட்டிக்கொண்டு போன அன்று, தேக்கா சந்தையின் ஈரத் தரையில் அடிப்பாகம் ஊறிய பிஸ்கட்டாய் உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த அடிப்பாகத்துக்கு நம் ஊர் ஈரக்காற்றே எமன், சும்மா வைத்திருந்தாலும் சிதையும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

புதியது வேறு ரகம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்த மாமா வந்திருந்தபோது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தன. "மேல்பரப்பைத் தேய்த்துச் சாயத்தால் மூடவில்லை மாப்பிள்ளை. உண்ணி கடித்த தழும்புகூடத் தெரிகிறது பார்" என்றார். பழுதென்று நான் வருந்திய புள்ளி அது! மேல்தோலோடு ஒரு தோல்பட்டையைச் சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையில் அடிப்பாகத்தைத் தைக்கும் 'குட்இயர் வெல்ட்' முறை. அதனால்தான் மேல்தோலைத் தொடாமல் அடிப்பாகத்தை மட்டும் பிரித்து மாற்ற முடிந்தது. ஒருமுறை மூன்று வாரம் அலமாரிக்குள் பூட்டி வைத்ததில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது. அது என் தவறு. துடைத்து, நிழலில் உலர்த்தியதும் பழையபடி ஆகிவிட்டது.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இனி அந்த நாடா.

ஒரு காலுக்கு ஆறு ஜோடித் துளை, மூன்று ஜோடிக் கொக்கி. கொக்கி இருந்தால் சட்டென்று மாட்டலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் நுழைகிறவர்களாக இருக்க வேண்டும். நமக்கு வாசலென்று ஒன்று வந்தால் கழற்றியாக வேண்டும். போன வெள்ளிக்கிழமை மட்டும் எண்ணினேன்: அண்ணன் வீடு, கோயில், என் வீடு. வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நான் குனிந்து நாடாவைத் தளர்த்திக்கொண்டிருக்க, பின்னால் நின்ற அம்மா ஒருவர், "தம்பி, உள்ளே தீபாராதனையே முடிந்துவிடும்" என்றார். வெளியே வந்தபோது கையில் சர்க்கரைப் பொங்கல். தொன்னையைத் திட்டின்மேல் வைத்துவிட்டு நெய்க் கையோடு கட்டியதில், இடது நாடாவின் நுனி இன்றைக்கும் பிசுபிசுக்கிறது. அதில் எறும்பு வேறு.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். பக்கவாட்டில் ஜிப் வைத்ததாக ஏதாவது பாருங்கள்.

நேற்று மைத்துனன் வந்தான். அவனுக்கும் என் அளவுதான். "சலிப்பாக இருந்தால் எனக்குக் கொடுத்துவிடுங்களேன் அத்தான்" என்றான். இப்போதுதான் 95 வெள்ளி செலவழித்திருக்கிறேன் என்று சொல்லி, பூட்ஸை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.