உவர்மலையில் ஒரு நினைவாற்றல் பயிற்சி வகுப்பு

புலமைப்பரிசில் பரீட்சையை முன்னிட்டுத் திருகோணமலையில் பெருகிவரும் வகுப்புகளுள், உவர்மலையில் ஒரு மாடிவீட்டில் நடைபெறும் நினைவாற்றல் பயிற்சிக்கு என் மகளை அனுப்பினேன். இதே வாக்குறுதியோடு வேறு வகுப்புகளும் நடப்பதால், பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

கணினித் திரையிலுள்ள ஒன்பது கட்டங்களில் ஒன்றில் நீலச் சதுரம் தோன்றி மறையும். அதே கணத்தில் ஹெட்போனில் ஓர் எழுத்து ஒலிக்கும். இரண்டு முறைக்கு முன் வந்த இடமே மீண்டும் வந்தால் ஒரு விசையையும், எழுத்து ஒத்திருந்தால் மற்றதையும் அழுத்த வேண்டும். பிள்ளை தேறத் தேற இரண்டு மூன்றாகும். மகள் எழுத்துகளை முணுமுணுத்தபடி, இரு சுட்டுவிரல்களையும் விசைகளின் மேல் வைத்துக் காத்திருப்பாள். ஆசிரியை எந்தப் பிள்ளையையும் கடிந்துகொள்வதில்லை. களைத்தவர்களை எழுப்பி நடக்க விடுகிறார். கற்பிக்கும் முறையில் எனக்குக் குறையே இல்லை.

குறை துண்டுப்பிரசுரத்தில் இருக்கிறது. மூளையின் ஆற்றல் பெருகும், கணிதப் புள்ளி உயரும் என்று அது உறுதி கூறுகிறது. ஐந்து வாரப் பயிற்சியின் பின் மூளையின் முன்நுதற் பகுதியிலும் உச்சிப் பகுதியிலும் செயற்பாடு கூடியதைச் சுவீடனின் கிளிங்பேர்க் குழுவினர் 2004இல் ஸ்கானில் கண்டது உண்மையே. இத்தகைய பயிற்சி, புதிய சிக்கல்களைத் தீர்க்கும் நுண்ணறிவையும் உயர்த்துவதாகச் சுசான் யேகி குழுவினர் 2008இல் அறிவித்ததும் உண்மையே. ஆனால், வேறொரு பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டு 2013இல் ரெடிக் குழுவினர் சோதித்தபோது அந்த உயர்வு தென்படவில்லை. பெற்றோர் முக்கியமாக அறிய வேண்டியது மெல்பேர்ண் ஆய்வு: செயல்படு நினைவு (தகவலைச் சிறிது நேரம் மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறன்) குறைந்த 452 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, 2016இல் வெளியான அதன் முடிவில், இரண்டு ஆண்டுகளின் பின்னரும் வாசிப்பிலோ கணிதத்திலோ பயிற்சி பெற்றவர்கள் முந்தியிருக்கவில்லை. அதாவது, பழகிய வேலையிலும் அதை ஒத்த வேலைகளிலும் கை தேறுகிறது. பாடத்துக்கு அது பெரும்பாலும் கடந்து செல்வதில்லை.

எங்களுக்குத் தரப்படும் முன்னேற்ற வரைபடமும் அந்தப் பயிற்சியின் மட்டங்களை மட்டுமே காட்டுகிறது. மகளின் கோடு அழகாக ஏறுகிறது. கூட்டலில் கொண்டுசெல்ல வேண்டிய எண்ணை அவள் இன்னமும் மறக்கிறாள். அந்த எண்ணை மேலே சிறிதாக எழுதிவைக்கும்படி அதே ஆசிரியை சொன்ன யோசனைதான் அவளுக்கு உதவியது.

பிள்ளை விரும்பினால் அனுப்பலாம். புள்ளிக்காக மட்டும் என்றால், இந்தக் கட்டணத்தைக் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். நடத்துநர்கள் துண்டுப்பிரசுரத்தின் அந்த இரண்டு வரிகளையும் நீக்க வேண்டும். கடன்பட்டுக் கட்டணம் செலுத்தும் பெற்றோரும் அதை நம்பித்தான் வருகிறார்கள்.