கோவையில் ஓர் ஆழ்மன உளவியல் பயிற்சி: இரண்டாண்டு படித்தபின் எழுதும் மதிப்பீடு

ஈரோட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக மனநல ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். கோவையில் சிறிய பயிற்சி மையம் ஒன்று நடத்தும் ஆழ்மன உளவியல் அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்து, இரண்டாண்டுகளைக் கடந்த மார்ச் மாதம் நிறைவு செய்தேன். சேருவதற்கு முன் இப்படிப்பட்ட பயிற்சியைப் பற்றித் தமிழில் யாரேனும் எழுதியிருக்கிறார்களா என்று பல நாள் தேடியும் எதுவும் அகப்படவில்லை. எனக்குப் பின் வருகிறவர்களுக்கு அந்தக் குறை இருக்கக் கூடாது என்றே இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரைத் தெரிந்தே விட்டிருக்கிறேன். எங்கள் அணியில் எட்டுப் பேர்தான் படித்தோம். ஒருவர் கனவை மற்றவர் கேட்டுக்கொண்டிருந்த அந்த அறையை இன்னதென்று அடையாளம் காட்டிவிட்டால், யார் எதைச் சொன்னார்கள் என்று ஊகிப்பது எளிதாகிவிடும்.

முதலில் ஒரு தெளிவு தேவைப்படுகிறது. நம் பக்கத்து ஊர்களில் ‘ஆழ்மன சக்தி’ என்ற பெயரில் ஒரு நாள், இரண்டு நாள் வகுப்புகள் நடக்கின்றன. மாலையிலேயே சான்றிதழும் கொடுத்துவிடுகிறார்கள். நான் எழுதுவது அவற்றைப் பற்றியதன்று. வியன்னா மருத்துவர் ஃபிராய்டும், 1913-ஆம் ஆண்டளவில் அவரிடமிருந்து பிரிந்து தனி வழி கண்ட சுவிட்சர்லாந்து மருத்துவர் யுங்கும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் வளர்த்த துறைக்கே ஆழ்மன உளவியல் என்று பெயர். நாம் அறியாமலே நம்மை நடத்துகிற நனவிலி மனத்தை, கனவு, நாப்பிழை, மறதி, உறவில் திரும்பத் திரும்ப நேரும் ஒரே வகைச் சிக்கல் ஆகியவற்றின் வழியாகப் பல ஆண்டுகள் பொறுமையாகக் கேட்டறியும் தொழில் அது. நினைத்ததைச் சாதிக்கும் ஆற்றலை அது யாருக்கும் வாக்களிப்பதில்லை.

அடுத்தது, என் மனக்குறை. சேர்க்கைக்கு முந்தைய அறிமுகக் கூட்டத்தில், இரண்டாண்டு முடிந்தால் ‘அனலிஸ்ட்’, அதாவது உளப்பகுப்பாய்வாளர், என்று பலகை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரும்படியாகவே பேசினார்கள். முதல் மாத வகுப்பிலேயே ஆசிரியர் அதைத் திருத்தினார் என்பது உண்மை. ஆனால் அதற்குள் நாங்கள் கட்டணத்தைக் கட்டியிருந்தோம். உளப்பகுப்பாய்வாளர் என்ற தகுதியை வழங்கும் வழிகள் வேறு. ஃபிராய்டு மரபில் 1910-இல் தொடங்கிய பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும். நம் நாட்டில் அதற்கான மூத்த வாயில், கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம். யுங் மரபில் 1955-இல் சூரிக்கில் அமைந்த பன்னாட்டுப் பகுப்பாய்வு உளவியல் சங்கம் இருக்கிறது. பயிற்சி நிறுவனம் இல்லாத நாடுகளில் இருப்பவர்கள் தனியாகப் பதிந்துகொண்டு, பகுப்பாய்வு, மேற்பார்வை, தேர்வுகள் ஆகியவற்றைக் கடந்து உறுப்பினராக அச்சங்கம் ஒரு வழி வைத்திருக்கிறது. எந்த வழியில் போனாலும் பல ஆண்டுகள் ஆகும். மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். அதற்குரிய படிப்பும் வேறு. ஆகவே நான் படித்ததை அந்த நீண்ட பாதையின் வாசற்படி என்று எண்ணிச் சேருகிறவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

மாதம் இரண்டு சனி ஞாயிறுகளில் வகுப்பு. வாசிப்பு வகுப்புகள் தரமானவை. மூல நூல்களைப் பக்கம் பக்கமாக எங்களையே படிக்க வைத்தார்கள், சுருக்கக் குறிப்புகளைக் கையில் கொடுக்கவில்லை. இதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இதே வாசிப்பை முயன்றால் வீட்டிலிருந்தும் செய்யலாம். வீட்டிலிருந்து செய்ய முடியாதவற்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

யுங் இளம் மருத்துவராகச் சூரிக்கின் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையில் இருந்தபோது செய்த சொல் தொடர்புச் சோதனையை ஒரு நாள் முழுவதும் செய்து பார்த்தோம். நூறு சொற்கள் கொண்ட பட்டியல். ஒவ்வொரு சொல்லையும் கேட்டவுடன் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்வார். விடை தாமதிக்கும் இடத்திலோ பிறழும் இடத்திலோ மனத்தின் முடிச்சு ஒன்று இருக்கலாம் என்பது கருத்து. யுங்கின் பட்டியலில் உள்ள தலை, பச்சை, தண்ணீர், சாவு போன்றவற்றைத் தமிழாக்கியதோடு நில்லாமல், சீர், வரப்பு, தறி, பங்கு என்று நம் பக்கத்துச் சொற்கள் சிலவற்றையும் ஆசிரியர் சேர்த்திருந்தார். தண்ணீருக்கும் சாவுக்கும் தடையின்றி விடை சொன்ன நான் ‘பங்கு’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். பதினொரு நொடி கழித்து ‘கையெழுத்து’ என்றேன். காங்கேயத்துக்கு அருகே இருந்த அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து, என் அம்மா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் எனக்குப் பன்னிரண்டு வயது. அதைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்றே அந்தச் சனிக்கிழமை வரை நம்பியிருந்தேன்.

இன்னொன்று, குழந்தையை உற்றுநோக்கும் பயிற்சி. எஸ்தர் பிக் என்பவர் 1948-இல் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கொண்டுவந்த முறை இது. பிறந்த குழந்தை உள்ள வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சென்று, அறிவுரை சொல்லாமல், குறிப்பெடுக்காமல், பார்ப்பதை மட்டும் செய்துவிட்டு, வீடு திரும்பியபின் கண்டதையெல்லாம் எழுத வேண்டும். மூல முறையில் இரண்டு ஆண்டு. எங்களுக்கு ஓராண்டாகக் குறைத்திருந்தார்கள். விருந்தாளியைச் சும்மா உட்கார வைப்பதும், விருந்தாளி வாய் திறக்காமல் இருப்பதும் நம் வீடுகளில் நடக்கிற காரியங்களா? நான் சென்ற வீட்டில் குழந்தையின் பாட்டி மூன்றாம் வாரம் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்: “ஏனுங்க டீச்சர், பாப்பாவை இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா கண்ணு பட்டுப் போகாதுங்களா?” அடுத்த வாரத்திலிருந்து நான் வருவதற்கு முன் குழந்தையின் கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு இருந்தது, நான் கிளம்பியபின் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள் என்பதையும் அறிந்தேன். இதை வகுப்பில் தயக்கத்தோடு வாசித்தேன். ஆசிரியர் அன்றைய வகுப்பு முழுவதையும் அதற்கே ஒதுக்கினார். பார்வைக்குள் ஆசையும் பொறாமையும் கலந்திருக்கும் என்பதை அந்தப் பாட்டி எங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிந்திருக்கிறார் என்றும், கண்ணேறு பற்றிய அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது என்றும் சொன்னார். இந்தப் பயிற்சிக்காக நான் செலவழித்த பணம் முழுவதும் அந்த ஒரு வகுப்பிலேயே எனக்குத் திரும்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

இனி, எல்லாவற்றுக்கும் நடுநாயகமான தனிப் பகுப்பாய்வு. பிறர் மனத்தைப் பகுக்க விரும்புகிறவர் முதலில் தன்னைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தது யுங் இருந்த சூரிக் குழுவினரின் சிறப்பு என்று ஃபிராய்டே 1912-இல் எழுதியிருக்கிறார். 1920-இல் தொடங்கிய பெர்லின் உளப்பகுப்பாய்வு நிறுவனத்தில் அது பயிற்சியின் விதியாக வடிவம் பெற்றது. ஃபிராய்டு மரபின் முழுப் பயிற்சியில் வாரம் மூன்று முதல் ஐந்து அமர்வு வரை உண்டு. எங்களுக்கு வாரம் ஒரு அமர்வுதான், ஐம்பது நிமிடம், வெளிநாட்டிலிருக்கும் பகுப்பாய்வாளர் ஒருவரோடு இணையவழியில். இதில் மையம் எந்தச் சலுகையும் காட்டவில்லை; அமர்வுகளைத் தொடர்ந்து தவறவிட்ட ஒருவரை இரண்டாம் ஆண்டுக்கு அனுமதிக்கவில்லை. அந்தக் கண்டிப்பை முழு மனத்தோடு பாராட்டுகிறேன். ஆனால் கூட்டுக்குடும்ப வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஐம்பது நிமிடம் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கலாம். நான் ஆறு மாதம் பள்ளி நூலகத்தின் சாவியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அமர்ந்து பேசினேன்.

கடினமான இன்னொன்று மொழி. ‘பங்கு’ என்ற சொல்லில் நான் தடுமாறிய அதே மாதத்தில் ஒரு கனவு வந்தது. அப்புச்சி, மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த பழைய கிணற்றின் மேட்டில் நிற்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தபடி, “சாமி, ஊத்து அடைச்சிருக்குது, தூர் வாரோணும்” என்கிறார். அவ்வளவுதான் கனவு. இதை ஆங்கிலத்தில் சொன்னபோது ‘அப்புச்சி’ தாய்வழித் தாத்தா ஆனார். ஊற்று ஊற்றாகவே போய்ச் சேர்ந்தது. ‘சாமி’ என்பதைக் கேட்ட பகுப்பாய்வாளர் கடவுளின் படிமம் ஒன்று தோன்றிவிட்டதாகக் கருதி, அந்த அமர்வின் பாதியைத் தெய்வ உருவங்களைப் பற்றிப் பேசுவதில் செலவிட்டார். எங்கள் ஊரில் பெரியவர்கள் பேரக்குழந்தைகளைச் சாமி என்றும் கண்ணு என்றும்தான் கூப்பிடுவார்கள்; அந்தச் சொல்லில் எனக்குக் கேட்டது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்த ஒரு கிழவரின் குரல். அழைக்கும் சொல்லுக்குள் தெய்வமும் ஒளிந்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் முதலில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டல்லவா அதற்கு அப்பால் போக வேண்டும்? அடுத்த வாரம் இதை அவரிடமே விளக்கினேன். அவர் நெடுநேரம் அமைதியாக இருந்து, தான் அவசரப்பட்டதை ஒப்புக்கொண்டு, கனவை மீண்டும் சொல்லச் சொன்னார், இம்முறை தமிழில். சொற்கள் புரியாவிட்டாலும் என் குரல் எந்த இடத்தில் மாறுகிறது என்று தமக்குக் கேட்கும் என்றார். ‘தூர் வாரோணும்’ என்ற இடத்தில் நான் அழுதுவிட்டேன். தோட்டத்தைப் பற்றியும் அம்மாவின் கையெழுத்தைப் பற்றியும் அதன்பின்தான் எங்களால் பேச முடிந்தது.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கல்கத்தாவில் போஸ், ஃபிராய்டோடு கடிதத்தில் கருத்து வேறுபட்டுக்கொண்டே, கனவைப் பற்றி வங்க மொழியில் நூல் எழுதினார். தமிழில் இத்துறைக்கு இன்னும் நிலைத்த கலைச்சொற்கள்கூட அமையவில்லை. ஒரே பொருளை ஒருவர் நனவிலி என்கிறார், மற்றவர் ஆழ்மனம் என்கிறார். பயிற்சி முழுவதையும் ஆங்கிலத்தில் நடத்தும் மையம் இந்தக் குறையைத் தன் பொறுப்பாகவும் ஏற்க வேண்டும் என்று முதலாண்டு முடிவில் நாங்கள் ஐந்து பேர் எழுதிக் கொடுத்தோம். இரண்டாம் ஆண்டிலிருந்து கனவு வகுப்பில் கனவைத் தமிழில் எழுதி, தமிழிலேயே வாசித்து, அதன்பின் தேவையானால் ஆங்கிலத்தில் விளக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். தமிழ் அறிந்த பகுப்பாய்வாளரை இன்னும் ஏற்பாடு செய்யவில்லை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கட்டணம் ஆண்டுக்கு 85,000 ரூபாய். தனிப் பகுப்பாய்வு அமர்வுக்கு 1,500 வீதம் ஆண்டுக்கு 45 அமர்வுகள், 67,500 ரூபாய். இரண்டாம் ஆண்டில் நம்மிடம் வருகிறவர்களோடு பேசியதை மூத்தவரிடம் கொண்டுபோய் ஆராயும் மேற்பார்வை இருபது அமர்வுகள், அதற்கு 24,000. ஆக இரண்டாண்டுக்கு 3,29,000 ரூபாய். ரயில் செலவு தனி. பகுப்பாய்வுக்கும் மேற்பார்வைக்கும் ஆகும் தொகையை விவரக்குறிப்பில் அச்சிடுவதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடித்தபின் கிடைக்கும் சான்றிதழ் எந்தப் பன்னாட்டுச் சங்கத்தின் பயிற்சியில் எத்தனை மணி நேரமாகக் கணக்கிடப்படும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

சம்பள உயர்வுக்கோ தனியாகத் தொழில் தொடங்கவோ உடனடியாக ஒரு தகுதி தேவைப்படுகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசிரியர், செவிலியர், ஆலோசகர் என்று ஏற்கெனவே மனிதர்களின் துயரத்துக்கு அருகில் வேலை செய்துகொண்டு, தாம் ஏன் சிலரிடம் பொறுமை இழக்கிறோம், சிலரிடம் ஏன் அளவுக்கு மீறி இரங்குகிறோம் என்று உண்மையாகவே அறிய விரும்புகிறவர்கள் சேரலாம். அடுத்த அணிக்கான நேர்காணல் ஜூன் மாதம் நடக்கிறது. அண்மையில் கண்ட கனவு ஒன்றைச் சொல்லும்படி கேட்பார்கள். அதைத் தமிழிலேயே சொல்லுங்கள், இப்போது அனுமதி இருக்கிறது.